காப்பாளர் செந்தமிழ்ச்செல்வி

அத்தியாயம் 17

கையெழுத்துப் போடப் போவதில்லை என்று ராதிகா முடிவு செய்து நான்கு நாளாகிறது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாமனார் ராஜாங்கத்தின் துணிப்பையில் ரேஷன் கார்டைத் தேடும்போது அந்தக் காகிதம் கையில் சிக்கியது. தான செட்டில்மெண்ட் பத்திரத்தின் நகல். கோமுகி வாய்க்கால் ஓரம் இருக்கும் ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நஞ்சையை, மகன் வழிப் பேத்தி மைனர் சுபஸ்ரீக்கு எழுதி வைக்கிறார். அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். அடுத்த வரியைத்தான் இரண்டு தடவை படித்தாள்.

'மைனருக்காகச் சொத்தைப் பராமரிக்கும் காப்பாளர்: செந்தமிழ்ச்செல்வி.'

பெற்ற தாய் ராதிகா குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள். காப்பாளராக வருவது நாத்தனார்.

அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வரவேண்டும் என்று மாமனார் சொன்னபோதும் அவள் எதுவும் கேட்கவில்லை.

கணவன் இளவரசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவள் மருமகளாகவும் இருந்தாள், மகனாகவும் இருந்தாள். காலையில் மாமனாருக்குக் கஞ்சி வைத்துவிட்டு, சுபஸ்ரீயைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் ரத்தப் பரிசோதனை லேபுக்கு வேலைக்குப் போய் வந்தாள். இதெல்லாம் போதவில்லை போலும்.

போன மாசம் கொழுந்தன் பிரவீன்குமார் பெங்களூரிலிருந்து வந்து, அவள் அடுப்படியில் இருப்பது தெரிந்தே அப்பாவிடம் சொன்னான். "அவங்களுக்கு சின்ன வயசுப்பா. நாளைக்கே யாரையாவது கட்டிக்கினா நெலம் வெளியாள் கைக்குப் பூடும். பாத்து எழுது."

பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் மாமனார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினார்கள். ராஜாங்கம் வெளுத்த வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. சாட்சிக்காகப் பக்கத்து நிலத்து மாயவன் கூட வந்திருந்தார்.

"ஆதார் எடுத்துக்கினியாம்மா?" என்றார் ராஜாங்கம். பஸ்ஸிலேயே மூன்று தடவை கேட்டாயிற்று.

"எடுத்துக்கினேன் மாமா."

"ஒரிஜினலா?"

"ஒரிஜினல்தான்."

அவருக்கு எழுபத்திரண்டு வயது. மகன் போன பிறகு பேச்சு கம்மி. பேசுவதென்றால் இப்படி ஆதாரும் சாவியும் மாத்திரையும்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் பத்திர எழுத்தர் பகலவனின் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவரோரம் நீளமான பெஞ்சு. திருக்கோவிலூர் பஸ்ஸில் வந்த செந்தமிழ்ச்செல்வி முன்னாடியே அதில் உட்கார்ந்திருந்தாள்.

நாற்பத்தொரு வயது. இளவரசனுக்கு அக்கா. பால் சொசைட்டியில் செக்ரட்டரி வேலை. விடிகாலையில் பால் ஊற்ற வருகிற நூறு பேரை அதட்டி வரிசையில் நிற்க வைத்துப் பழகிய குரல். அவள் சாதாரணமாகப் பேசினாலே திட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

"இன்னா இவ்ளோ நேரம்? பதினொன்றரை டோக்கனாச்சே" என்றாள்.

ராதிகா பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்தாள்.

"சாப்ட்டியா?"

"ஆச்சி அண்ணி."

"மூஞ்சப் பாத்தா சாப்ட்ட மாரி தெரியலயே."

ராதிகா கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தாள்.

பகலவன் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு காகிதங்களைத் தட்டி அடுக்கினார். "பாப்பாவோட அம்மா நீங்கதானே? உங்க கையெழுத்துதாம்மா இதுல முக்கியம். தகப்பனார் இல்லைன்னா அடுத்து தாயார்தான் இயற்கைக் காப்பாளர். உங்கள வுட்டுட்டு வேற ஒருத்தரப் போடறதுன்னா உங்க சம்மதம் இல்லாம எழுதக் கூடாது. நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா நிக்காது."

ராதிகாவுக்கு உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்தது. அப்படியானால் பேனா தன் கையில்தான் இருக்கிறது. 'முடியாது' என்ற ஒரு வார்த்தை போதும்.

"ஒரு தபா படிச்சிக் காட்டிடறேன். எல்லாரும் கேட்டுக்குங்க" என்று பகலவன் ஆரம்பித்தார்.

பத்திர எழுத்தர்களுக்கென்று ஒரு ராகம் உண்டு. கமா, முற்றுப்புள்ளி எதற்கும் நிற்காமல் ஒரே இழுப்பாகப் போகும். நான்கு எல்லை, சர்வே நம்பர், வாய்க்கால் பாசன உரிமை, வண்டி மாடு போக வர வழி. சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ காப்பாளருக்கு உரிமையில்லை. மைனர் பதினெட்டு வயது முடிந்ததும் சொத்து அவர் வசம் வந்துவிடும். ராஜாங்கம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"...மேற்படி மைனரின் தாயார் ராதிகா மறுமணம் செய்துகொண்டாலும், மைனர் அவருடனேயே வளர்வதற்கும், இச்சொத்தின் வருமானம் மைனரின் படிப்புக்கும் பராமரிப்புக்கும் சேர்வதற்கும், எனது வாரிசுகள் எவரும் எவ்விதத் தடையும்—"

பகலவனுக்கே குரல் தேய்ந்தது. கண்ணாடிக்கு மேலாக ஒருமுறை பார்த்துவிட்டு நிறுத்தினார்.

மாயவன் தன் செருப்பைப் பார்த்தார். பிரிண்டர் பக்கத்தில் ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்த கடை உதவியாள் இருசம்மாளின் கையும் நின்றது.

ராதிகா பகலவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். மறுமணம். முத்திரைத்தாளில். ஊர்க்காரர் முன்னால்.

"இத்த யாரு எழுதச் சொன்னது?" என்றாள். தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"நான்தாம்மா" என்றார் ராஜாங்கம், கண்ணைத் திறக்காமலே.

ராதிகா எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

*

ரோட்டோரம் கரும்புச்சாறு வண்டி கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் போய் நின்றாள். எங்கே போவதென்று தெரியவில்லை. பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம். ஆனால் எந்த வீட்டுக்கு?

அவளுக்கு விஷயம் புரிந்துபோயிற்று. அன்புச்செல்வன் பற்றி இவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இத்தனைக்கும் தெரிவதற்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. அன்புச்செல்வன் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம் முடித்து நிமிர்வதற்குள் முப்பத்தேழு வயதாகிவிட்ட மனிதர். மூன்று மாசத்துக்கு முன், லேப் வாசலில் நின்று, "உங்களுக்கும் பாப்பாவுக்கும் சம்மதம்னா உங்களக் கட்டிக்க ஆசைப்படறேங்க. அவசரமில்ல" என்று சொன்னார். சொல்லிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பக்கமாக நினைக்கக்கூட தனக்கு அனுமதி இல்லை என்று இருந்தாள்.

அதற்குத்தான் இந்தத் தண்டனை. நீ எவனையாவது கட்டிக்கொண்டு போ, நிலத்தின் மேல் மட்டும் கை வைக்காதே.

"ரெண்டு ஜூஸ் போடுப்பா. ஐஸ் கம்மியா" என்ற குரல் பின்னால் கேட்டது.

செந்தமிழ்ச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்கு வேணாம் அண்ணி."

"வெறும் வயித்துல சண்ட போட்டா மயக்கம் வரும். குடி."

"அவரப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. போன மாசம் பிரஷர் மாத்திரை வாங்க இங்க கவருமெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்து குடுக்கறவரு சீட்டுல ஊர் பேரும் என் பேரும் பாத்துட்டு, 'நீங்க சுபஸ்ரீயோட அத்தைங்களா?'ன்னு கேட்டாரு. உன் பேரைச் சொல்லிக் கேக்கல, பாரு. புள்ள பேரைச் சொல்லிக் கேட்டாரு. மாத்திரைய எப்ப போடணும்னு மூணு தபா சொன்னாரு. எனக்கு அங்கியே புரிஞ்சிச்சி."

"புரிஞ்சதும் வந்து மாமாகிட்ட சொல்லிட்டீங்க."

"சொன்னேன்."

"நெலத்த எங்கிட்ட இருந்து காப்பாத்திட்டீங்க."

செந்தமிழ்ச்செல்வி கிளாஸை வண்டி மேல் டக்கென்று வைத்தாள். சாறு தெறித்தது.

"யாருகிட்ட இருந்து? உங்கிட்ட இருந்தா? லூசா நீ?"

வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தியும் அது அவ்வளவு தாழவில்லை.

"எங்க சொசைட்டில இசைவாணின்னு ஒரு பொண்ணு. உன்ன மாரியே. புருசன் செத்து மூணு வருசம் கழிச்சி இன்னொரு கல்யாணம் பண்ணிக்கினா. மொதப் புருசன் வழியில வந்த நெலம் அவ பையன் பேர்ல இருக்குது, இவ கார்டியன். கல்யாணம் ஆன நாப்பதாம் நாளு கொழுந்தன் கேஸ் போட்டான். புதுசா வந்தவன் நெலத்துக்காகத்தான் வந்தான், ரெண்டு பேரும் சேந்து புள்ள சொத்தத் தின்றாங்கன்னு. நாலு வருசம் இழுத்துச்சி. பையன கோர்ட்டுக்கு இட்டுக்கினு போயி, நீ யாருகூட இருக்கறன்னு கேட்டாங்க. அவன் அம்மா மூஞ்சப் பாக்காம தரையப் பாத்துக்கினு நின்னான். நான் அன்னிக்கு அவகூட போயிருந்தேன் ராதிகா. அத்த என்னால மறக்க முடியல."

ராதிகா அவள் பக்கம் திரும்பினாள்.

"நம்ம வூட்லயும் ஒருத்தன் இருக்கான். என் கூடப் பொறந்தவன்தான், இருந்தாலும் சொல்றேன். பிரவீன் சும்மா இருக்க மாட்டான். நெலம் உன் பொறுப்புல இருந்தா, நீ தாலி கட்டிக்கின மறுநாளே அவனுக்கு ஒரு கேஸ் கெடச்சிடும். என் பொறுப்புல இருந்தா எவன கேப்பான்? கட்டிக்கினு வரப்போறவரையும் நெலத்துக்காக வந்தவன்னு ஊர்ல ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. அந்த வரி அதுக்குத்தான். நீ புள்ளய இட்டுக்கினு எங்க வேணும்னாலும் போய் வாழு. யாரும் புள்ளயப் புடிச்சி இழுக்கக் கூடாது. அவ்ளோதான்."



நான்கு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது மெல்ல எழுந்து போவதை ராதிகா உணர்ந்தாள். அந்த இடத்தில் உடனே வேறொன்று வந்தது. அழுகையா கோபமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"இத்த முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல அண்ணி? என்னக் கேக்காம என் கல்யாணத்த பத்திரத்துல ஏத்திட்டீங்களே! நான் இன்னும் அவருக்கு பதிலே சொல்லல!"

"சொன்னா நீ இன்னா சொல்லியிருப்ப?"

செந்தமிழ்ச்செல்வியே பதிலும் சொன்னாள்.

"'எனக்கு ஒண்ணும் வேணாம் அண்ணி, நான் இப்படியே இருந்துக்கறேன்'னு சொல்லியிருப்ப. உன் வாயால அத்த ஒரு தபா கேட்டுட்டா, அப்புறம் நான் இன்னா பண்ண முடியும்?" செந்தமிழ்ச்செல்வியின் குரல் முதல் தடவையாகக் கம்மியது. "என் தம்பி போன அன்னிக்கி எனக்கு அழக்கூட நேரமில்ல. வந்தவங்களுக்கு சோறு ஆக்கிக்கினு இருந்தேன். அவனுக்குன்னு நான் ஒண்ணும் செய்யல. அவன் புள்ளைக்காவது செய்யலாம்னு பாத்தேன். செய்யறதுலயும் ஒரு மொறை தெரியல எனக்கு. கேட்டிருக்கணும். தப்புதான்."

ராதிகா கரும்புச்சாறை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கிளாஸை வைத்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்க போலாம். மணி ஆகுது. பத்திரத்துல கொஞ்சம் மாத்தணும்."

"இன்னா மாத்தணும்?"

"உள்ள வந்து சொல்றேன்."

*

பகலவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இப்பப் போய் மாத்தணும்னா எப்பிடிம்மா? திரும்ப ஏத்தணும். பதினொன்றரை டோக்கன் போயிடும். சர்வர் வேற காலைலேர்ந்து தூங்கித் தூங்கி எழுந்துக்கினு இருக்குது."

"போனா போவட்டும். பன்னெண்டரைக்கு எடுங்க" என்றாள் ராதிகா. இரண்டு வருஷமாக இந்த மாதிரி அதிகாரமாகப் பேசியதே இல்லை. மாமனார் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. நிறுத்தவில்லை. "நெலத்த குத்தகைக்கு வுடறதுன்னா அண்ணி கையெழுத்து மட்டும் போதாது. என் கையெழுத்தும் வேணும். அப்படி எழுதுங்க."

பகலவன் செந்தமிழ்ச்செல்வியைப் பார்த்தார்.

"என்னை எதுக்குப் பாக்கற? எழுது" என்றாள் அவள்.

"அண்ணியால பாத்துக்க முடியாமப் போனா, அதுக்கு அப்புறம் காப்பாளர் நான்தான். வேற யாரும் இல்ல."

"சரி."

"அப்புறம் அந்த வரி. மறுமணம்."



"அத்த எடுத்துடணுமாம்மா?" என்று கேட்டார் ராஜாங்கம். மருமகள் எது சொன்னாலும் தலையாட்டத் தயாராக இருந்த முகம்.

"எடுக்கக் கூடாதுப்பா. எடுத்தா பிரவீனுக்கு வழி வுட்ட மாரி ஆயிடும்" என்றாள் செந்தமிழ்ச்செல்வி.

"எடுக்க வேணாம் மாமா" என்றாள் ராதிகா. "ஆனா அத்த மட்டும் எழுதினா, நான் கல்யாணத்துக்கு ரெடியாகி நிக்கற மாரி இருக்குது. 'மறுமணம் செய்துகொண்டாலும் செய்துகொள்ளாவிட்டாலும்'னு போடுங்க."

பகலவன் விரல்கள் கீபோர்டு மேல் நின்றன. "இருபத்தஞ்சு வருசமா எழுதறேன். இப்பிடி ஒரு வாசகம் எழுதினதில்லம்மா."

"சட்டத்துக்கு எதுனா குத்தமா?"

யோசித்தார். "குத்தம் ஒண்ணும் இல்ல."

"அப்ப எழுதுங்க."

இருசம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள். செந்தமிழ்ச்செல்வி வழக்கமான நாத்தனார் பார்வையை விட்டுவிட்டு, ராதிகாவைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"இந்த வாய இத்தன நாளா எங்க வெச்சிருந்த நீ?"

*

பன்னிரண்டரை டோக்கன் ஒன்றேகாலுக்குத்தான் கூப்பிட்டார்கள். சர்வர் இரண்டு தடவை போய் வந்தது. அது வந்த பிறகு ராஜாங்கத்தின் கைரேகையில் வேலை மாட்டிக்கொண்டது.

ஐம்பது வருஷம் மண்வெட்டி பிடித்த விரல். மெஷினில் வைத்தால் ரேகையே விழவில்லை. வலது பெருவிரல், இடது பெருவிரல், ஆள்காட்டி விரல். ஒவ்வொரு தடவையும் திரையில் சிவப்பு.

"ஈரத்துணியால தொடச்சிட்டு வைங்க பெரியவரே."

வைத்தார். சிவப்பு.

"அழுத்தாதீங்க. லேசா வைங்க."

மறுபடியும் சிவப்பு. அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. தன் நிலத்தைத் தன் பேத்திக்குக் கொடுக்க வந்த மனிதரை, நீ நீதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஒரு பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது. ராதிகாவுக்குத் தாங்கவில்லை. முந்தானையால் அவர் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

"கண்ணு கேமரா கொண்டாங்க" என்றார் சார்பதிவாளர். நடுத்தர வயதுப் பெண்மணி. அதிகம் பேசாதவர். "முழிச்சிப் பாருங்க அய்யா. இமைக்காதீங்க."

ராஜாங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு விழித்துப் பார்த்தார். பச்சை விளக்கு.

மாயவன் "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னார்.

சார்பதிவாளர் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் சற்று நின்றார். புருவம் உயர்ந்து இறங்கியது. பிறகு ராதிகாவைப் பார்த்தார்.

"தாயார் நீங்க இருக்கும்போது அத்தை ஏம்மா காப்பாளர்? யாராவது மிரட்டினாங்களா, வற்புறுத்தினாங்களா? பயப்படாம சொல்லலாம்."

காலையில் இந்தக் கேள்வி வந்திருந்தால் அவளிடம் வேறு பதில் இருந்தது.

"இல்லைங்க மேடம். முழுசாப் படிச்சேன். எனக்கு வேணுங்கறதயும் சேத்துக்கினேன். அண்ணி பாத்துக்கறதுல எனக்கு சம்மதம்."

"இங்க கையெழுத்து. தெளிவா போடுங்க."

ராதிகா போட்டாள். அவளை அடுத்து செந்தமிழ்ச்செல்வி தன் பெயரை எழுத்துக்கூட்டுகிற மாதிரி, முழுசாக, ஒரு எழுத்தும் விடாமல் எழுதினாள். நீளமான பெயர். கோட்டைத் தாண்டிப் போய் முடிந்தது.

வெளியே வந்ததும் ராஜாங்கம் படிக்கட்டில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார்.

"மயக்கமா இருக்குதா மாமா?"

"இல்லம்மா." அவர் சிரிப்பதைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. "பசிக்குது."

*

சாப்பாட்டுக் கடையில் ராஜாங்கம் இரண்டாம் தடவை சாம்பார் வாங்கினார். வத்தக்குழம்பு வாங்கினார். மோருக்குத் தனியாகச் சோறு கேட்டார். மாயவன், "இன்னிக்கி கடைய மூட வெச்சிடுவ போலக்கீதே" என்று கேலி செய்தார்.

செந்தமிழ்ச்செல்வி தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து, பேச்சே இல்லாமல் ராதிகாவின் இலையில் வைத்தாள். கல்யாணமாகி வந்த பத்து வருஷத்தில் அந்தக் கை தன் இலைப்பக்கம் வந்ததாக ராதிகாவுக்கு நினைவில்லை.

கை கழுவிவிட்டு வரும்போது ராஜாங்கம் மருமகளிடம் தனியாகச் சொன்னார்.

"நான் அவன் ஞாபகத்துல உன்ன கட்டிப் போட்டுட்டேனோன்னு எனக்கு ஒரு உறுத்தலும்மா. செல்வி வந்து சொன்னப்ப ரெண்டு நாள் கஷ்டமாத்தான் இருந்துச்சி. இல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் யோசிச்சேன். எளவரசன் இல்ல. நீ இருக்கற." கர்ச்சீப்பால் வாயைத் துடைத்தார். "அந்தத் தம்பிய ஒரு நாளு வூட்டுக்கு வரச் சொல்லு. பாக்கறேன். நீ இஷ்டப்பட்டா மட்டும்."

"சரிங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

திருக்கோவிலூர் பஸ் கிளம்புகிற நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த செந்தமிழ்ச்செல்வி தலையை வெளியே நீட்டி அதட்டினாள்.

"பட்டா மாத்தற வேலை இருக்குது. தாலுக்கா ஆபீசுக்கு நாயா அலையணும். வியாழக்கிழமை வரேன், நீயும் லீவு போடு. கேக்குதா?"

"கேக்குது அண்ணி. அந்த பஸ்ல இருக்கற எல்லாருக்கும் கேக்குது."

பஸ் நகர்ந்தது. உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நாத்தனாராகத்தான் இருக்க வேண்டும்.

*

நான்கரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் சுபஸ்ரீயிடம் ராஜாங்கம் விஷயத்தைச் சொன்னார். நாலாம் வகுப்புக்காரிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை.

"அப்ப அது என் நெலமா தாத்தா?"

"ஆமா."

"நான் போய் பாக்கலாமா?"

தினமும் போகிற வழியில் இருக்கும் நிலம்தான். ஆனாலும் போனார்கள். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். நடவு முடிந்து பத்து நாள் ஆன நெல், பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. மேற்கே கல்வராயன் மலை நீலமாக நின்றது. மேகம் ஒன்று அதன் பாதி உயரத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

சுபஸ்ரீ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரப்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடினாள். ராஜாங்கம், "சேத்துல வுழுந்துடப் போற" என்று கத்திக்கொண்டே பின்னால் போனார்.

ராதிகா வாய்க்கால் மதகின் மேல் உட்கார்ந்தாள். உடம்பு லேசாக இருந்தது. நிலத்தைப் பற்றி யாரும் இனி தன்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. பிள்ளையை யாரும் கேட்க முடியாது. இவ்வளவு நாளாகத் தன்னை விரட்டிக்கொண்டிருந்தது இன்று மதியம் ஒரு மணிக்கு மேல் விரட்டுவதை நிறுத்திவிட்டது.

அதோடு இன்னொன்றும் போய்விட்டது என்று அவளுக்கு உறைத்தது. பிள்ளை இருக்கிறது, நிலம் இருக்கிறது, மாமனார் இருக்கிறார் என்று மூன்று மாசமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்த சாக்கு எதுவும் இப்போது கையில் இல்லை. இனி அந்த மனிதரிடம் சொல்ல வேண்டியது, அவளுக்கு இஷ்டமா இல்லையா என்பது மட்டும்தான்.

அவளுக்கே அது சரியாகத் தெரியவில்லை.

ஆனாலும் கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் அன்புச்செல்வன் எடுத்தார்.

"சொல்லுங்க ராதிகா. பாப்பாவுக்கு உடம்பு எதுனா..."

"பாப்பா நல்லா இருக்கா. மாமா உங்கள ஒரு நாளு வூட்டுக்கு வரச் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை முடியுமான்னு..."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு மலைக்குப் போற வேலை இருக்குதுங்க" என்றார் கடைசியில். "இன்னிக்கித்தான் ஆர்டர் வந்துச்சி. கல்வராயன் மலை மேல, வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திட்டாங்க. அடுத்த வாரமே போய்ச் சேரணும். அங்கியே தங்கற மாரி இருக்கும். வாடகைக்கு வூடு பாக்கத்தான் போறேன்."

ராதிகா நிமிர்ந்து மேற்கே பார்த்தாள்.

"கேக்கக் கூடாதுதான். அவசரமில்லன்னு நானே சொன்னவன்." அவர் மூச்சு விடுவது கேட்டது. "வாடகைக்கு வுடறவரு எத்தினி பேருன்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்ங்க? ஒரு ஆளுக்கா, மூணு பேருக்கா?"